வாசிக்க வராத முகம்

கனிஷ்காவிடம் எழுத்து தங்கவில்லை. காலையில் சொல்லிக்கொடுத்த 'ண', மதியம் சத்துணவு மணி அடிப்பதற்குள் அவளை விட்டுப் போயிருக்கும். மறுநாள் அதே எழுத்தைக் கரும்பலகையில் காட்டினால், அன்றுதான் முதல் தடவை பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

செங்காட்டுப்பாளையம் நடுநிலைப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு ஆசிரியை அம்சவேணிக்கு இப்படிப்பட்ட பிள்ளைகள் புதிதல்ல. பத்தொன்பது வருஷமாக மூன்றாம் வகுப்புதான். வருஷத்துக்கு நாலைந்து பேர் அப்படி வருவார்கள். அவர்களுக்கென்று அவளிடம் மந்திரம் ஒன்றும் இல்லை. தினசரி வழக்கம்தான் இருந்தது. பிரார்த்தனை முடிந்ததும் முதல் இருபது நிமிடம் வாசிப்பு. அவள் ஒரு கதையை வாய்விட்டு வாசிப்பாள். பிள்ளைகள் வரிக்கு அடியில் விரலை நகர்த்திக்கொண்டே வருவார்கள். பிறகு இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவார்கள். கடைசியில், வரும் வழியில் பார்த்த ஒரு சொல்லை ஆளுக்கொன்றாகத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். பிஸ்கட் உறையில் இருந்தது, பஸ்ஸின் நெற்றியில் ஓடியது, பனியன் கம்பெனி வாசலில் 'ஆட்கள் தேவை' என்று தொங்கியது. ஜூன் மாதம் வெறுமையாக இருக்கும் சுவர் தை பிறப்பதற்குள் நிறைந்துவிடும். அதற்குள் பெரும்பாலான பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கியிருப்பார்கள். சிலருக்குப் பங்குனி ஆகும். சிலருக்கு அடுத்த வருஷம்.

கனிஷ்காவுக்கு அடுத்த வருஷமும் வந்துவிட்டது. அவள் அம்மா மேகலாவே தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, இன்னொரு வருஷம் அம்சவேணி வகுப்பிலேயே விட்டிருந்தாள். மேகலா பக்கத்துப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். புருஷன் பிள்ளை பிறந்த இரண்டாம் வருஷமே வேறு ஊர் போய், வேறு குடும்பம் ஆகிவிட்டான். ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் அம்மாவும் மகளும் மட்டும்தான்.

வாசிக்கும்போது கனிஷ்கா புத்தகத்தைப் பார்க்கமாட்டாள். அம்சவேணியின் முகத்தைப் பார்ப்பாள். 'மரம்' என்று தொடங்குவாள். டீச்சரின் புருவம் ஒரு நூல் சுருங்கினால் உடனே 'மனம்' என்பாள். கன்னம் தளர்ந்தால் அதுதான் சரி என்று அடுத்த சொல்லுக்குத் தாவுவாள்.

"கண்ணு, என்ற மூஞ்சிய எதுக்குப் பாக்கற? புத்தகத்தப் பாரு."

"அதுலதானுங் டீச்சர் இருக்குது."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அம்சவேணியும் சிரித்துவிட்டாள். ஆனால் அன்று சாயங்காலம் தன் குறிப்பேட்டில் 'கனிஷ்கா, 14 எழுத்து. போன மாதமும் 14' என்று எழுதியபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆடி மாதத்தில் தலைமையாசிரியர் குழந்தைவேலு அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் நல்ல செய்தியாக இருக்காது.

"டிசம்பர்ல வாசிப்பு அளவீடு வருது டீச்சர். போன தடவை நம்ம மூணாம் வகுப்புல பாதிப்பேரு கீழ்நிலை. இந்தத் தடவையும் அப்படின்னா கல்விக் கமிட்டி நம்ம பள்ளிக்கூடத்த டவுன் பள்ளியோட சேத்திருவாங்க. அஞ்சு கிலோமீட்டரு. எத்தன புள்ளைக போகும்னு உங்களுக்கே தெரியும்."

அம்சவேணிக்குத் தெரியும். போன வருஷம் பக்கத்து ஊர்ப் பள்ளியை மூடியபோது நாற்பதில் பதினேழு பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை.

"ஒரு அறக்கட்டளை பத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புதுசா ஒண்ணு தர்றாங்க. நம்மளும் எழுதிக் குடுத்தா வரும்" என்று அவர் ஒரு சாம்பல் நிறப் பட்டையை மேஜைமேல் வைத்தார்.

தலையில் மாட்டும் பட்டை. பெண்பிள்ளைகள் முடிக்குப் போடும் வளைவுப் பட்டை மாதிரியே இருந்தது. இரண்டு நுனியும் காதுக்குப் பின்னால் போய் அமரும். அறக்கட்டளையின் ஆள் வந்து விளக்கினார். பிள்ளை எழுத்தைப் பார்க்கும்போது மூளையில் எந்த இடம் விழிக்கவேண்டுமோ, அந்த இடத்தை இந்தப் பட்டை மெல்லத் தட்டிக்கொடுக்கும். வலி இல்லை. சத்தம் இல்லை. தினமும் வாசிக்கும் அதே இருபது நிமிடம் மாட்டினால் போதும். மூன்று வருஷத்தில் படிவது மூன்று மாதத்தில் படியும்.

"உங்க பழக்கத்த மாத்தவே வேண்டாம் மேடம். நீங்க பண்றதையே பண்ணுங்க. இது கொஞ்சம் வேகப்படுத்தும், அவ்வளவுதான்."

பெற்றோர் ஒப்புதல் படிவம் பதினான்கு பக்கம். நெருக்கமான எழுத்து. வகுப்பாசிரியர் படித்து, பெற்றோருக்கு விளக்கி, இருவரும் கையெழுத்திட வேண்டும். அம்சவேணி இரண்டு பக்கம் படித்தாள். அதற்குள் மதிய மணி அடித்தது. ஒருவன் படிக்கட்டில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். சத்துணவுக் கணக்கு கேட்டு ஆள் வந்தது. மீதியை வீட்டில் படிக்கலாம் என்று பையில் வைத்தாள். மறுநாளே பெற்றோர் வரத் தொடங்கிவிட்டார்கள்.

மேகலா கம்பெனியில் அரைமணி அனுமதி வாங்கிக்கொண்டு, பஞ்சுத் தூசி படிந்த தலையோடு வந்தாள். படிவத்தைக் கையில் வாங்கி, பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, திரும்ப நீட்டினாள்.

"எனக்கு என்ற பேரு எழுதத் தெரியும், அவ்வளவுதானுங். நீங்க முழுசாப் படிச்சுட்டீங்களா டீச்சர்?"

"படிச்சுட்டேன் மேகலா."

"ஒண்ணும் ஆகாதில்லீங்?"

"ஒண்ணும் ஆகாது."

மேகலா கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே அம்சவேணி போட்டாள்.

பட்டை மாட்டத் தொடங்கிய முதல் மூன்று வாரம் எதுவும் தெரியவில்லை. நாலாம் வாரம் ஒரு திங்கட்கிழமை கனிஷ்கா விரலை வரிக்கு அடியில் வைத்து, தலை நிமிராமல், "ஆற்றங்கரையில் ஒரு நாணல் நின்றது" என்று வாசித்தாள். தப்பில்லாமல், திணறாமல். அம்சவேணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த வரி, அடுத்த வரி, பக்கம் முடிந்தது. பிள்ளை தானாகவே தாளைத் திருப்பினாள். பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் முதல் பக்கத்தைத் தாண்டுவதைப் பார்த்தவள்தான். ஆனாலும் அன்று கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கனிஷ்காவை நிறுத்த முடியவில்லை. மளிகைப் பொட்டலத்தைப் பிரித்து, அந்தத் தாளைப் படித்தாள். மின்கம்பத்து எச்சரிக்கை, மருந்து அட்டை, சுவரில் கிழிந்த பழைய தேர்தல் நோட்டீஸ், எதையும் விடவில்லை. மேகலா ஒரு தூக்குவாளி நிறைய வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தாள்.

"நேத்து கம்பெனிச் சீட்டப் படிச்சுச் சொன்னாளுங் டீச்சர். எனக்கு ஒன்றரை வருஷமா ரெண்டு நாள் லீவு பாக்கி இருக்குதாம். எனக்கே தெரியாதுங்." சிரித்துக்கொண்டே அழுதாள். "நீங்க நல்லா இருக்கோணும்."

டிசம்பர் அளவீட்டில் முப்பத்தொரு பிள்ளைகளில் முப்பது பேர் மேல்நிலை. கமிட்டித் தலைவர் பொன்னாடை போர்த்தினார். பள்ளி தப்பித்தது.

வகுப்பு அமைதியாகிவிட்டது. இடைவேளை மணி அடித்தாலும் பாதிப்பேர் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓடிப்பிடித்து விளையாடுவது குறைந்துபோயிற்று. ஆட்டம் தொடங்கினாலும், யார் பிடிக்கிறவன் என்பதில் சண்டை வந்து கலைந்துவிடும். பிறகு லோகித் என்ற சிறுவன் தன் பெயரைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு வந்தான். மறுநாள் வகுப்பில் பாதிப்பேர் அப்படி வந்தார்கள். எழுத்தின்மேல் பிள்ளைகளுக்கு எத்தனை ஆசை என்று அம்சவேணி பூரித்துப்போனாள். வண்ண அட்டையும் சேஃப்டி பின்னும் தன் செலவிலேயே வாங்கிக் கொடுத்து, எல்லோருக்கும் பெயர் எழுதிக் குத்தவைத்தாள்.

மாசி மாதம் பார்வையாளராக ஒரு பெண் அதிகாரி வந்தார். அம்சவேணி வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்து, வகுப்பில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்சவேணி வாசலுக்கு வந்தபோது, லோகித் அந்த அதிகாரியிடம் வீட்டுப்பாட நோட்டை நீட்டி, "நேத்து நீங்க சொன்ன மாதிரியே எழுதிட்டேனுங் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதிகாரிக்கு அறுபது வயது நெருக்கம், நரைத்த தலை, கண்ணாடி. அம்சவேணி நாற்பத்து மூன்று வயதுக்காரி. பிள்ளைகள் குறும்பு செய்கிறார்கள் என்று நினைத்து, "லோகித்!" என்று அதட்டினாள். குரலைக் கேட்டதும் வகுப்பு முழுக்கச் சட்டென்று அவள் பக்கம் திரும்பியது. லோகித்தின் முகத்தில் குறும்பு இல்லை; பயம் இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் மேகலா வந்தாள். பள்ளி விட்டு, பிள்ளைகள் போன பிறகு. கச்சாயம் கொண்டுவந்த அன்று உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசியவள், இன்று கேட்காமலே முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், கனிஷ்கா எம்மேல கோவமா ஏதாச்சும் சொன்னாளுங்களா?"

"இல்லியே. ஏன்?"

"நேத்து சிஃப்ட் முடிஞ்சு கம்பெனி கேட் பக்கத்துல நின்னேன். நாங்க ஒரு இருபது பேரு. எல்லாருக்கும் ஒரே நீலக் கோட்டு, ஒரே தொப்பி. ரோட்டுல பந்தல் போட்டுக் கோயில் நோம்பிப் பாட்டு அலறிட்டு இருந்துச்சு, பக்கத்துல பேசறதே கேக்கல. இவ ஸ்கூல் விட்டு எப்பவும்போல வந்தா. நான் கைய ஆட்டறேன். என்னைப் பாத்தாளுங். நல்லாப் பாத்தா. பாத்துட்டு அக்கட்டப் போயிட்டா."

மேகலா தன் கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் என்ன பண்ணுனா தெரியுங்களா? மொதல்ல நின்ன அக்காகிட்டப் போயி, இந்த அட்டையப் படிச்சா. அடுத்த ஆளு. அதுக்கடுத்த ஆளு. ஒவ்வொருத்தரு அட்டையாப் படிச்சுட்டே வந்தா. ஒம்பதாவது ஆளு நானு. என்ற அட்டையப் படிச்சா. படிச்சுட்டுத்தான் என்ற கையப் புடிச்சா."

அம்சவேணி பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"விளையாட்டுன்னு நெனச்சு எல்லாரும் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன். வீட்டுக்குப் போயித் தொப்பியக் கழட்டிட்டு அட்டையயும் கழட்டி ஆணில மாட்டுனேன். இவ அதையே பாத்துட்டு இருந்தா. 'அதைக் கழட்டாதம்மா'ன்னு சொன்னா டீச்சர்."

அம்சவேணி தலைமையாசிரியரிடம் சொல்ல, அறக்கட்டளையிலிருந்து டாக்டர் பிரியம்வதா என்ற மூளை ஆராய்ச்சியாளர் வந்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் புகைப்படங்கள் காட்டினார். தலைமுடியை மறைத்த முகங்கள்: டீச்சர், தலைமையாசிரியர், வகுப்புத் தோழர்கள், அம்மா, அப்பா. இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் காலை தலைமையாசிரியர் அறையில் அம்சவேணியை எதிரில் உட்காரவைத்துப் பேசினார். கெட்டவர் அல்ல. அவரும் இரண்டு நாள் தூங்காதவர்போல இருந்தார்.

"எழுத்துன்னு ஒண்ணு உலகத்துல வந்து சில ஆயிரம் வருஷந்தான் ஆகுது டீச்சர். அதுக்குன்னு மூளையில தனி இடம் கிடையாது. ஒரு குழந்தை படிக்கக் கத்துக்கும்போது, இருக்கிற இடத்துல இருந்து கொஞ்சம் வாங்கிக்கும். எங்க வாங்குது தெரியுமா? முகங்களை அடையாளம் காணுற இடத்துக்குப் பக்கத்துல."

"அப்ப நாங்க எல்லாம் படிச்சவங்கதானே? எங்களுக்கு மூஞ்சி தெரியாமப் போகலியே?"

"ஏன்னா நீங்க மெதுவாக் கத்துக்கிட்டீங்க. எழுத்து கொஞ்சம் கொஞ்சமா உள்ள வர வர, முகங்கள் கொஞ்சம் கொஞ்சமா வலது பக்க மூளைக்கு நகர்ந்து இடம் புடிச்சுக்கும். அதுக்கு வருஷக்கணக்கா ஆகும். தினமும் இருபது நிமிஷம்னு நீங்க பண்றீங்களே, அந்த வேகந்தான் சரியான வேகம். நாங்க அவசரப்படுத்தினோம். எழுத்து மொத்தமா வந்து உக்காந்துடுச்சு. முகங்களுக்கு நகர நேரம் கிடைக்கல."

"திரும்பி வருமா?"

பிரியம்வதா கையிலிருந்த பேனாவை மூடினார். "சிலருக்குக் கொஞ்சம் வரலாம். உங்க வகுப்புல பதினாலு பேருக்குப் பாதிப்பு. அதுல ஒன்பது பேருக்கு லேசாத்தான். அஞ்சு பேருக்கு..." சொல்லி முடிக்கவில்லை. "குரல் தெரியும். நடை தெரியும். முகம் மட்டும், ஒரு முகம் இருக்குன்னு தெரியும், யாருதுன்னு தெரியாது."

"கனிஷ்கா?"

"அந்த அஞ்சு பேர்ல ஒருத்தி. மத்தவங்கள விட வேகமா முன்னேறினா இல்லையா? அவளுக்குத்தான் அதிகம்."

அம்சவேணிக்குக் கோபம் வந்தது. "இப்படி ஆகலாம்னு முன்னாலயே சொல்லியிருக்க வேண்டாமா? பச்சப் புள்ளைகளுங்க!"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். குற்றம்சாட்டும் பார்வை இல்லை. அதனால்தான் அது இன்னும் வலித்தது.

"சொல்லியிருந்தோம். படிவத்துல, பதினோராம் பக்கத்துல. பத்து வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு முகம் அறியுற திறன் மாறலாம், அது பத்தி முழுசாத் தெரியாதுன்னு. அப்படி எழுதிட்டா போதும்னு நாங்க நினைச்சோம். அது எங்க தப்புதான்."

அன்று பிற்பகல், ஆசிரியர் அறையில் யாரும் இல்லாதபோது, அம்சவேணி அந்தப் படிவத்தைத் தேடி எடுத்தாள். பதினோராம் பக்கத்தில் நாலு வரி. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலவே வரிக்கு அடியில் விரலை வைத்து வாசித்தாள். கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மேகலாவின் லைன் வீட்டுக்குப் போனாள். கனிஷ்கா வாசற்படியில் உட்கார்ந்து செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தாள். விடுமுறை நாள்; ஆனாலும் நைட்டிமேல் கம்பெனி அட்டையைத் தொங்கவிட்டபடி, மேகலா அடுப்படியில் நின்றிருந்தாள்.

அம்சவேணி உட்காரவில்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். பிறகு அம்சவேணி, "இதெல்லாம் அந்தத் தாள்ல இருந்துச்சு மேகலா. நான் படிக்கல. ரெண்டு பக்கந்தான் படிச்சேன். படிச்சுட்டேன்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன்" என்றாள்.

கத்துவாள், கையை ஓங்குவாள் என்றுகூட எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். மேகலா அடுப்பை அணைத்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதானுங் உங்களக் கேட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் அம்சவேணி எல்லோர் முன்னாலும் அதையே திரும்பச் சொன்னாள். வேண்டாம் என்று குழந்தைவேலு எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். சிலர் அழுதார்கள். ஒருவர் நாற்காலியை உதைத்துவிட்டு வெளியே போனார். லோகித்தின் அப்பா எழுந்து, "மூஞ்சி தெரியலீன்னா கொரலு தெரியுதில்லீங். நானெல்லாம் படிக்காமச் சாயப்பட்டறையில கெடக்கறேன். என்ற பையன் படிக்கறான். பட்டையத் திருப்பி வாங்காதீங்க" என்றார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் தலையசைத்தார்கள். அம்சவேணிக்கு எல்லாவற்றையும்விட அதுதான் தாங்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல அவளால் முடியவில்லை.

பட்டைகளை அறக்கட்டளை அந்த மாதமே திரும்ப எடுத்துக்கொண்டது. விசாரணையில் அம்சவேணி மூன்று மாதம் பணியிடை நீக்கத்தில் இருந்தாள். திரும்பி வந்தபோது வேறு வகுப்பு தருவதாகச் சொன்னார்கள். அதே பிள்ளைகள்தான் வேண்டும் என்று கேட்டு, அவர்களோடு நாலாம் வகுப்புக்குப் போனாள்.

காலை இருபது நிமிடத்தில் இப்போது புத்தகம் கிடையாது. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்க்கவேண்டும். எழுத்துக்குச் சுழி, கால், கொம்பு இருப்பதுபோல முகத்துக்கும் உண்டு என்று சொல்லிக்கொடுத்தாள். காது ஒட்டியிருக்கிறதா, விலகியிருக்கிறதா? மச்சம் எங்கே? எந்தப் பல் முன்னால் வருகிறது? பார்த்ததை நோட்டில் எழுதவேண்டும். மறுநாள் அந்தக் குறிப்பை வாசித்து, ஆள் யார் என்று கண்டுபிடிக்கவேண்டும். லேசான பாதிப்பு உள்ளவர்கள் மெல்ல மெல்லத் தேறினார்கள். பெயர் அட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மற்ற ஐந்து பேர் குறிப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். குறிப்பை மூடினால், முகமும் மூடிக்கொண்டது.

கனிஷ்கா யாரும் சொல்லாமலே தனியாக ஒரு நோட்டுப் போட்டிருந்தாள். அட்டையில் 'அம்மா' என்று எழுதியிருந்தது.

ஐப்பசியில் மாவட்டக் கட்டுரைப் போட்டி நடந்தது. தலைப்பு 'என் அம்மா'. கனிஷ்கா எழுதியதற்கு முதல் பரிசு. பள்ளியின் பெயரும் பிள்ளையின் பெயரும் தவிர நடுவர்களுக்கு வேறெதுவும் தெரியாது. 'தாயை இவ்வளவு உற்றுக் கவனித்த குழந்தையை நாங்கள் கண்டதில்லை' என்று சான்றிதழோடு குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார்கள்.

மேகலா அதை வாங்கப் பள்ளிக்கு வந்தாள். லைன் வீட்டில் பேசிய நாளுக்குப் பிறகு அவள் அம்சவேணியோடு நின்று பேசியதில்லை. அன்று நாலாம் வகுப்பறையில் பிள்ளைகள் யாரும் இல்லை, மைதானத்தில் இருந்தார்கள். மேகலா தாளை நீட்டினாள்.

"படிச்சுக் காட்டுங். முழுசா."

அம்சவேணி அவள் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தாள்.

"என் அம்மாவின் பெயர் மேகலா. அவர் நடக்கும்போது வலது செருப்பு மட்டும் சத்தம் போடும். அவர் மேல் மெஷின் எண்ணெய் வாசனையும் தேங்காய் எண்ணெய் வாசனையும் சேர்ந்து வரும். இடது புருவத்தின் நடுவில் முடி முளைக்காத ஒரு கோடு உண்டு. மூக்குத்தி வலது பக்கம். அதில் மூன்று கல். சிரித்தால் மேல் ஈறு தெரியும். எங்கள் லைனில் வலது பக்கம் மூக்குத்தி போட்டவர்கள் நான்கு பேர். புருவத்தில் கோடு உள்ளவர் ஒருவர்தான். எனவே அவர்தான் என் அம்மா.

சில நாள் அம்மா முகம் கழுவித் துண்டால் துடைத்துக்கொண்டே வருவார். அப்போது புருவம் தெரியாது. நான் பேசாமல் காத்திருப்பேன். அவர் 'சாமி' என்று கூப்பிட்டதும் போவேன்.

என் அம்மாவின் முகத்தை நான் தினமும் வாசிக்கிறேன். இன்னும் வரவில்லை. கண்ணை மூடினால் கோடு தெரிகிறது, மூக்குத்தி தெரிகிறது. நடுவில் இருப்பது தெரியவில்லை.

ஆனால் என் அம்மா எவ்வளவு கூட்டத்திலும் என்னைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுகிறார். அது எப்படி என்று ஒரு நாள் அவரிடம் கேட்கவேண்டும்."

வாசித்து முடித்த பிறகும் அம்சவேணி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மைதானத்தில் யாரோ பந்துக்குக் கத்தினார்கள்.

"இதுல பிழை ஏதாச்சும் இருக்குங்களா டீச்சர்?" என்று மேகலா கேட்டாள்.

"இல்ல மேகலா. ஒரு பிழைகூட இல்ல."

மேகலா தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு முந்தானையை முகத்தில் வைத்து அழுத்தினாள். தோள் குலுங்கியதே தவிரச் சத்தம் வரவில்லை.

வாசலில் நிழல் தட்டியது. கனிஷ்கா வந்து நின்றாள். பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரின் முகம் சேலைக்குள் இருந்தது, இன்னொருவர் குனிந்திருந்தார். கனிஷ்கா ஒருவரைப் பார்த்தாள், மற்றவரைப் பார்த்தாள். கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மேகலா முந்தானைக்குள்ளிருந்தே மகளைப் பார்த்துவிட்டாள். கூப்பிட வாய் திறந்தாள். ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை.

பிள்ளை அவசரப்படவில்லை. வாசற்படியில் நின்று பேசாமல் காத்துக்கொண்டிருந்தாள்.